இருபொருள் தந்த அனுமதி

ஒரு சொற்றொடர் ஒரே நேரத்தில் இரு பொருள் தந்து நிற்பதை நம் அணியிலக்கணம் சிலேடை என்று போற்றுகின்றது. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருங்கே பொருந்துமாறு காளமேகப் புலவர் பாடியதைப் பள்ளி நாள்களில் படித்து மகிழாத தமிழர் அரியர். அங்கே பாடுபவர்க்கும் இரு பொருளும் தெரியும், கேட்பவர்க்கும் தெரியும், அதனால்தான் இன்பம் பிறக்கின்றது. சொல்பவர் ஒரு பொருளையும் கேட்பவர் வேறொரு பொருளையும் பற்றிக்கொண்டு, இன்னொரு பொருள் உண்டென்ற நினைவே இருவர்க்கும் இல்லாதிருந்தால் அந்நிலைக்கு இலக்கண நூல்கள் பெயர் எதுவும் இடவில்லை. வானூர்திப் போக்குவரத்தின் வரலாற்றில் அத்தகைய நிலை ஒன்று 583 உயிர்களைப் பலிகொண்டது. அதைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகின்றோம்.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரிஃபில், லாஸ் ரோதெயோஸ் விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று டச்சு நாட்டின் கே.எல்.எம். நிறுவனத்துக்கு உரியது, மற்றொன்று அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்கு உரியது. ஒரே விபத்தில் இத்தனை பேர் மாண்டது விமான வரலாற்றில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விமானங்கள் இரண்டிலும் எந்தப் பழுதும் இல்லை. விமானிகளோ பல்லாயிரம் மணி நேரம் பறந்து தேர்ந்தவர்கள். பின் எதனால் நேர்ந்தது இது?

விடை காண, முதலில் ஒரு சிறு விளக்கம் வேண்டும். விமானம் ஒன்று புறப்படுமுன் அதற்கு இரு வேறு அனுமதிகள் தேவை. எந்த வழியே செல்லவேண்டும், எவ்வளவு உயரத்துக்கு ஏறவேண்டும், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதைக் கூறுவது முதல் அனுமதி. இதனை வழி அனுமதி என்போம். ‘இப்போது ஓடுபாதையில் விரைந்தோடி மேலெழலாம்’ என்பது இரண்டாம் அனுமதி. இது மேலெழும் அனுமதி. முதலாவது கிடைத்தால் இரண்டாவது கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. பயணச்சீட்டுக் கையில் இருப்பதாலேயே பேருந்து புறப்பட்டுவிடாது அல்லவா? நடத்துநர் விசில் கொடுக்கவேண்டும். ஆயினும் விமானத் துறையின் பொதுமொழியாகிய ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ‘கிளியரன்ஸ்’ என்ற ஒரே சொல்தான் வழங்கிற்று. பெரும்பாலான நாள்களில் அதனால் தீங்கில்லை. ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று வரும், விமானம் எழும், பயணிகள் காப்பி அருந்துவர்.

அன்றைய நாள் அத்தகையது அன்று. இரு விமானங்களும் சென்றடைய வேண்டியது தெனெரிஃபை அன்று. அதற்குக் கிழக்கே இருந்த கிரான் கனேரியா தீவின் லாஸ் பால்மாஸ் நகரை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டச்சுச் சுற்றுலாப் பயணிகளும், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வழியாகக் கப்பல் உலா செல்லவிருந்த அமெரிக்கர்களும் அங்கேதான் விரைந்துகொண்டிருந்தனர். நண்பகல் கடந்து 1 மணி 15 நிமிடத்துக்கு லாஸ் பால்மாஸ் நிலையத்தின் பூக்கடை ஒன்றில் குண்டு வெடித்தது. கனேரித் தீவுகளின் விடுதலை கோரிய இயக்கத்தினர் வைத்தது அது. இரண்டாவது குண்டு உண்டென்ற எச்சரிக்கையும் வரவே நிலையம் மூடப்பட்டது. வந்துகொண்டிருந்த விமானங்கள் யாவும் சிறிய லாஸ் ரோதெயோஸ் நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. தம்மிடம் எரிபொருள் போதிய அளவு உள்ளது, வானிலேயே வட்டமிட்டுக் காத்திருக்கிறோம் என்று பான் அமெரிக்கன் விமானிகள் கேட்டனர். அவர்கள் விருப்பம் ஏற்கப்படவில்லை.

லாஸ் ரோதெயோஸ் அமைந்திருப்பது லா லகூனா என்னும் பழம்பெரும் நகரத்தை ஒட்டி. அந்நகரம் ஒரு மறைமாவட்டத்தின் தலைநகர். 2014ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த இயேசு சபைத் துறவி ஹோசே தெ அஞ்சியேத்தா 1534இல் பிறந்தது அங்குதான். பிரேசில் நாட்டுக்கு மறைபரப்பச் சென்ற அவர் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் துப்பி மொழியைக் கற்று, அதற்கு ஓர் இலக்கணமே எழுதினார். அது 1595இல் அச்சேறிற்று. நம் முத்துக்குளித்துறையில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழுக்குச் செய்ததை அவர் துப்பி மொழிக்குச் செய்தார் எனலாம். தாம் கூறுவது கேட்பவர் செவியில் என்னவாகச் சென்று சேர்கின்றது என்பதை அறியாமல் பேசுவதில் பயனில்லை என்று உணர்ந்தவர்கள் அவர்கள். அத்தகைய ஒருவர் பிறந்த ஊரின் எல்லையில் இப்படியொரு விபத்து நேர்ந்ததை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது.

நிலையம் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், இரு மலைகளுக்கு இடையே கிடக்கின்றது. கீழே தெளிந்த வானம் இருக்கையிலேயே அங்கே மேகம் தரையோடு தவழ்ந்து வரும். ஒரு கணம் தொலைவு வரை தெரியும். மறு கணம் கைக்கு எட்டும் தூரம்கூட மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருவர் மட்டுமே பணியில் இருந்தனர். தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் அங்கு இல்லை. ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளும் அன்று எரியவில்லை. ஓடுபாதைக்கு இணையாக விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதையோ, திருப்பிவிடப்பட்ட விமானங்களால் அடைபட்டுக் கிடந்தது.

லாஸ் பால்மாஸ் மீண்டும் திறக்கப்பட்டது. பான் அமெரிக்கன் விமானம் உடனே புறப்பட ஆயத்தமாக இருந்தும், முன்னால் நின்ற கே.எல்.எம். விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தமையால் விலகிச் செல்ல இடமில்லாமல் காத்து நிற்க நேர்ந்தது. 55,500 லிட்டர் எரிபொருளைக் கே.எல்.எம். தலைமை விமானி அங்கேயே நிரப்பிக்கொண்டார். லாஸ் பால்மாஸில் மீண்டும் ஒருமுறை காத்திருக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். அவர் பெயர் யாக்கோப் வெல்தாய்சென் வான் சான்டென். நிறுவனத்தின் 747 விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பிரிவின் தலைவர்; நிறுவனத்தின் விளம்பரங்களில் படம் இடம்பெறும் அளவுக்குப் புகழ் வாய்ந்தவர். விபத்துச் செய்தி ஆம்ஸ்டர்டாமை எட்டியபோது, விசாரணைக்கு உதவ நிறுவனத்தார் முதலில் தேடியது அவரைத்தான் என்பர். அவர் மனத்தில் அன்று ஒரு கவலையும் இருந்தது. விமானிகள் தொடர்ந்து பணிபுரியும் நேரத்துக்கு டச்சு அரசு அண்மையில் கடும் வரம்பு விதித்திருந்தது. அதனை மீறினால் வழக்கை எதிர்கொள்ள வேண்டும். மீறாவிட்டால் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தீவிலேயே இரவைக் கழிக்கவேண்டும்.

பக்கப் பாதை அடைபட்டிருந்தமையால், இரு விமானங்களும் ஓடுபாதையின் மீதே எதிர்த்திசையில் ஊர்ந்து சென்று, மறுமுனையில் திரும்பி நின்று எழவேண்டியிருந்தது. கே.எல்.எம். முதலில் சென்றது. பான் அமெரிக்கன் அதன் பின்னே சென்று, இடப்புறமுள்ள மூன்றாவது கிளைப்பாதையில் விலகிக்கொள்ளப் பணிக்கப்பட்டது. ‘முதலாவதா, மூன்றாவதா’ என்ற ஐயம் அங்கேயே எழுந்தது. கட்டுப்பாட்டாளர் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக் காட்டி, மூன்றாவது என்றார். ஆனால் மூன்றாவது கிளை பின்னோக்கி மடங்கும் கூர்மையான வளைவு. அத்துணைப் பெரிய விமானம் அதில் திரும்புவது கடினம். நான்காவது கிளை சாய்வாக, எளிதாக இருந்தது. மேகத்தினூடே பலகைகளைத் தேடிக்கொண்டு, பான் அமெரிக்கன் மூன்றாவதைக் கடந்து நான்காவதை நோக்கிச் சென்றது.

இனி வருவது ஒரே ஒரு நிமிடத்தின் வரலாறு. மாலை 5 மணி 5 நிமிடம் கடந்திருந்தது. கே.எல்.எம். மறுமுனையில் திரும்பி நின்றது. நின்றவுடனே தலைமை விமானி எஞ்சின்களுக்கு விசை கொடுத்தார். துணை விமானி தடுத்து, வழி அனுமதி இன்னும் நமக்குக் கிடைக்கவில்லையே என்றார். அது எனக்குத் தெரியும், கேளுங்கள் என்றார் தலைவர். அந்தத் துணை விமானிக்கு 747 விமானம் ஓட்டும் தகுதிச் சான்று அளித்தவரே அவர்தாம். அளித்து ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஒருமுறை குருவைத் திருத்தியாயிற்று. மறுமுறை திருத்த எத்தனை சீடர்களுக்குத் துணிவு வரும்?

துணை விமானி வானொலியில் பேசினார். மேலெழ ஆயத்தமாக இருக்கிறோம், வழி அனுமதிக்காகக் காத்திருக்கிறோம் என்றார். கவனிக்க: இரண்டு செய்திகள் ஒரே மூச்சில். கட்டுப்பாட்டாளர் வழி அனுமதியை மட்டும் வழங்கினார். விமானத்தின் எண்ணைக்கூடப் பிழையாகச் சொன்னார்; எவரும் அதைத் திருத்தவில்லை. இன்ன இடத்துக்குச் செல்ல அனுமதி, இந்த உயரம் ஏறுக, மேலெழுந்தபின் வலப்புறம் திரும்புக என்பது அவர் கூற்று. அதனுள் ‘மேலெழுந்தபின்’ என்ற சொல்லும் இருந்தது. ‘அனுமதி’ என்ற சொல்லும் இருந்தது. இரண்டையும் கேட்கக் காத்திருந்த செவிக்கு இரண்டும் கிடைத்துவிட்டன. துணை விமானி அதனைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் தலைமை விமானி பிரேக்குகளை விடுவித்து, ‘போகிறோம்’ என்று டச்சு மொழியில் கூறினார். துணை விமானி தம் மறுமொழியின் இறுதியில் அவசரமாக ஒரு வாக்கியம் சேர்த்தார். ஒலிப்பதிவில் அது தெளிவாக இல்லை. ‘நாங்கள் இப்போது டேக் ஆஃபில்’ என்பதுபோல் கேட்கின்றது.

இவ்வாக்கியத்தின் பொருள் என்ன? மேலெழும் இடத்தில் நிற்கிறோம் என்பதா? மேலெழுந்துகொண்டிருக்கிறோம் என்பதா? கட்டுப்பாட்டாளர் முதற்பொருளைக் கொண்டார். ஸ்டீவன் கஷிங் என்ற மொழியியலார் 1994இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதைக் குறிக்க டச்சு மொழியில் வழங்கும் அமைப்பு, பதற்றமான நேரத்தில் துணை விமானியின் ஆங்கிலத்துக்குள் தன்னை அறியாமல் புகுந்திருக்கலாம் என்பது அது. நமக்கு இது விளங்காத ஒன்றன்று. வீட்டைவிட்டுப் போகின்றவர் நம் ஊரில் ‘வருகிறேன்’ என்றே சொல்லிச் செல்கின்றார். திருமணத்துக்கு நேரமாகிவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டால், ‘இதோ புறப்பட்டுவிட்டோம்’ என்பார் உறவினர். இன்னும் தலைவாரி முடித்திருக்கமாட்டார். கேட்பவரும் அதை அறிவார். ஒரே வீட்டு வழக்கில் வளர்ந்தவர்களுக்கு இவற்றால் தொல்லையில்லை. ஸ்பானியர் ஒருவரும் டச்சுக்காரர் ஒருவரும், இருவர்க்கும் தாய்மொழி அல்லாத ஆங்கிலத்தில், ஒருவரையொருவர் காணவும் இயலாத மேகத்தினூடே பேசியதுதான் தெனெரிஃப்.

கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார்.

விபத்தில் மிகுதியாகப் பேசப்படுவது தலைமை விமானியின் அவசரம். நம் எண்ணத்தில் இந்தச் சிறு சொல்லும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. நாம் ‘சரி’ என்கின்றோமே, அதுபோன்றது இது. நீ சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் சரி. நீ சொன்னது உண்மை என்பதற்கும் சரி. அப்படியே செய் என்பதற்கும் சரி. பேச்சை முடித்துக்கொள்ள விரும்பினாலும் சரிதான். கட்டுப்பாட்டாளர் இச்சொல்லைச் சொல்லி ஏறத்தாழ இரண்டு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்: மேலெழக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன். அவ்வாக்கியம் போய்ச் சேர்ந்திருந்தால் 583 பேரும் அன்றிரவு லாஸ் பால்மாஸில் உறங்கியிருப்பர்.

அது போய்ச் சேரவில்லை. பான் அமெரிக்கன் விமானிகள் இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ‘ஓகே’ என்ற சொல்லும் அதைத் தொடர்ந்த மௌனமும் அவர்களுக்கு அச்சமூட்டின. எதிரில் நிற்பவர் தவறாகப் புரிந்துகொள்வாரோ என்று ஐயுற்று, அந்த இரண்டு நொடி இடைவெளிக்குப் பின் அவர்களும் பேசினர்: நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறோம். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு குரலும் ஒன்றையொன்று அழித்துவிடும். கே.எல்.எம். விமானி அறையில் ‘ஓகே’ என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதன்பின் ஏறத்தாழ நான்கு நொடி நேரம் கீச்சென்ற இரைச்சல். ஆபத்தைத் தடுக்கவல்ல இரண்டு வாக்கியங்களும், ஒன்றையொன்று காப்பாற்ற விரைந்து வந்து, வாயிலில் மோதி வீழ்ந்தன.

ஆயினும் இறைவன் இன்னொரு வாய்ப்பையும் அருளியதாகவே நமக்குத் தோன்றுகின்றது. கட்டுப்பாட்டாளர் பான் அமெரிக்கன் விமானத்திடம், ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவியுங்கள் என்றார். விலகியதும் தெரிவிக்கிறோம் என்று விடை வந்தது. இவ்விரு வாக்கியங்களும் கே.எல்.எம். அறையில் தெளிவாகவே கேட்டன. அதற்குள் விமானம் விரைந்தோடத் தொடங்கியிருந்தது. முன்னிருக்கைகளில் இருந்த இருவரும் அதைச் செவிமடுக்கவில்லை. பின்னிருந்த விமானப் பொறியாளர் மட்டும் கேட்டார்: ‘அப்படியானால் அவர் இன்னும் விலகவில்லையா?’ என்ன சொல்கிறீர்கள் என்றார் தலைமை விமானி. ‘அந்தப் பான் அமெரிக்கன், இன்னும் விலகவில்லையா?’ ஓ, விலகிவிட்டாரே என்று அழுத்தமாக விடை வந்தது. பொறியாளர் அதன்பின் பேசவில்லை.

அறிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. எச்சரிக்கைதான், ஆயினும் மரியாதை அதற்குக் கேள்வி வடிவம் தந்துவிட்டது. ‘விலகவில்லை, நிறுத்துங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டியதை ‘விலகவில்லையா’ என்று கேட்கச் செய்தது பணிவு. இதைப் படிக்கும்போது நம் பங்குப் பேரவைக் கூட்டங்கள் நினைவுக்கு வராமற் போகவில்லை. கணக்கில் ஏதோ பிழை இருப்பதைக் கண்ட இளைஞர் ஒருவர், ‘இது சரியாக இருக்கிறதா, சாமி?’ என்று தயங்கிக் கேட்பார். ‘எல்லாம் சரிதான்’ என்ற பெரியவர் ஒருவரின் உறுதியான குரலில் அக்கேள்வி அடங்கிவிடும். கேட்டவர் பிறகு கேட்பதில்லை.

மேகத்திலிருந்து விளக்குகள் வெளிப்பட்டபோது பான் அமெரிக்கன் தலைமை விமானி விக்டர் கிரப்ஸ் முழு விசையும் கொடுத்து இடப்புறப் புல்வெளிக்குத் திருப்பினார். கே.எல்.எம். விமானி எதிரே நின்றதைக் கண்டு, உரிய வேகம் வருமுன்னரே மூக்கை உயர்த்தினார். வால்பகுதி ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுபாதையில் உரசியது. விமானம் தரையை விட்டு எழவும் செய்தது. சக்கரங்களும் எஞ்சின்களும் பான் அமெரிக்கன் விமானத்தின் மேற்பகுதியைக் கிழித்துச் சென்றன. சற்று அப்பால் வீழ்ந்து, நிரப்பிய எரிபொருள் அனைத்தும் தீப்பற்ற, கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும் மாண்டனர். தீவிலேயே வசித்தமையால் மீண்டும் விமானம் ஏறாமல் தங்கிவிட்ட ஒரு பயணி மட்டும் பிழைத்தார். பான் அமெரிக்கனில் 396 பேரில் 335 பேர் இறந்தனர். இடப்புற இறக்கை வழியே குதித்தும் பிறவாறும் 61 பேர் தப்பினர். அடர்ந்த மேகத்தில் தீயணைப்பு வீரர்கள் முதலில் கண்டது ஒரு நெருப்பை மட்டுமே. இரண்டாவது விமானம் ஒன்று எரிந்துகொண்டிருப்பதை அவர்கள் பின்னரே அறிந்தனர்.

ஸ்பெயின் நாட்டு விசாரணைக் குழு 1978இல் தன் அறிக்கையை அளித்தது. மேலெழும் அனுமதியின்றிக் கே.எல்.எம். தலைவர் புறப்பட்டதே அடிப்படைக் காரணம் என்றது. டச்சு அதிகாரிகள் அதனோடு முற்றிலும் உடன்படவில்லை; இரு தரப்பிலும் ஏற்பட்ட தவறான புரிதலையும் வானொலிக் குறுக்கீட்டையும் அவர்கள் வலியுறுத்தினர். ஆயினும் கே.எல்.எம். நிறுவனம் பொறுப்பேற்று இழப்பீடு வழங்கியது. அறிக்கையில் நம் கவனத்தை ஈர்த்த ஒரு குறிப்பு உண்டு. தலைமை விமானி பல ஆண்டுகளாகத் தரையிலுள்ள பயிற்சிக் கருவிகளிலேயே மிகுந்த நேரம் செலவிட்டவர். அங்கே அனுமதிக்காக எவரிடமும் காத்திருக்க வேண்டுவதில்லை. பயிற்சியாளரே அனுமதி அளிப்பவரும் ஆவார். அனுமதி அளித்துப் பழகிய ஒருவருக்கு, அனுமதி கேட்டுக் காத்து நிற்பது அரிதாகிவிட்டிருக்கலாம்.

தெனெரிஃப் ஒரு தனித்த நிகழ்ச்சி என்று எண்ணிவிடலாகாது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் சற்று முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம் ஒன்று வாஷிங்டனின் டலஸ் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடுபாதையிலிருந்து 44 கடல் மைல் தொலைவிலேயே ‘இறங்கு வழியில் வர அனுமதி’ என்று தரையிலிருந்து செய்தி வந்தது. அப்படியாயின் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் கொண்டனர். குறுக்கே மலையிருந்தால் அனுமதித்திருக்கமாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மலை இருக்குமிடத்தில் விமானிகளே உயரத்தைக் காத்துக்கொள்வார்கள் என்பது தரையில் இருந்தவர் நம்பிக்கை. கையிலிருந்த வரைபடம் அவ்விடத்தில் 3,400 அடி என்று காட்டியதைத் தலைமை விமானி கண்டார், வியந்தார், அனுமதி கிடைத்துவிட்டதே என்று வரைபடத்தை ஒதுக்கினார். விமானம் வர்ஜீனியாவின் வெதர் மலையில் மோதி 92 பேரும் மாண்டனர். ஆறு வாரங்களுக்கு முன் இதே இடத்தில் இதே சொல்லால் மற்றொரு நிறுவனத்தின் விமானம் நூலிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி அந்நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. தம் பிழைகளைத் தண்டனை அச்சமின்றி விமானிகள் எழுதி அனுப்பும் முறையொன்று 1976இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டதற்கு இதுவே தூண்டுகோல்.

நம் நாடும் இத்துயரை அறியும். 1996 நவம்பர் 12ஆம் நாள் மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே, சவூதி விமானமும் கசாக்ஸ்தான் விமானமும் வானிலேயே மோதி 349 பேர் இறந்தனர். வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள் அவர்களுள் பலர். இறங்கி வந்த கசாக் விமானத்துக்கு அனுமதிக்கப்பட்டது 15,000 அடி; ஏறிச் சென்ற சவூதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே வரும் விமானம் 14,000 அடியில் உள்ளது என்று கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். கசாக் விமானம் அந்த உயரத்துக்கே இறங்கி வந்தது. அனுமதியின்றி இறங்கியதே காரணம் என்று நீதிபதி லகோட்டி ஆணையம் முடிவு கண்டது. அடுத்தவருடைய உயரமாகச் சொல்லப்பட்ட எண்ணைத் தமக்கு இடப்பட்ட கட்டளையாக அவ்விமானிகள் கொண்டிருக்கக்கூடும் என்று கருதுவோரும் உளர். அவர்களது ஆங்கிலப் பயிற்சியின் குறையும் அன்று பேசப்பட்டது. பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் குறிப்பிட்ட தகுதி பெறவேண்டும் என்ற விதி 2008 முதல் நடைமுறைக்கு வந்தது.

தெனெரிஃபுக்குப் பின் வந்த மாற்றங்களுள் நம் உள்ளத்தைக் கவர்வது சொல்லைப் பற்றியது. ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, மேலெழும் அனுமதியை வழங்கும்போதும் அதனை விலக்கிக்கொள்ளும்போதும் அன்றி வேறெப்போதும் வாயால் சொல்லலாகாது என்று விதிக்கப்பட்டது. மற்ற இடங்களில் எல்லாம் ‘புறப்பாடு’ என்ற பொருள்படும் வேறு சொல். நற்கருணைப் பேழையில் வைத்துப் பூட்டுவதுபோல் ஒரு சொல்லை எடுத்து வைத்துவிட்டார்கள். அதற்குரிய கணத்தில் மட்டுமே அது வெளியே வரும். அத்துடன், கிடைத்த கட்டளையின் முக்கியப் பகுதிகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். வெறும் ‘ஓகே’ போதாது. அவர் திருப்பிச் சொல்வதைக் கட்டுப்பாட்டாளரும் செவிசாய்த்துச் சரிபார்க்கவேண்டும். எக்காளத்தின் ஒலி தெளிவற்றிருந்தால் போருக்கு ஆயத்தமாவோர் யார் எனப் பவுலடியார் கொரிந்தியரிடம் வினவியது, பரவசப் பேச்சால் பிறர்க்குப் பயன் உண்டா என்பதைப் பற்றி. இந்த விதியை வகுத்தவர்கள் அதனை நினைத்திருக்கமாட்டார்கள்.

மற்றொரு மாற்றம் நடைமுறைக்கு வரக் காலம் பிடித்தது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1979இல் கூட்டிய கருத்தரங்கிலும், 1981 முதல் யுனைடெட் நிறுவனம் தொடங்கிய பயிற்சியிலும் விமானி அறையில் இளையவர் பேசுவது எப்படி, மூத்தவர் கேட்பது எப்படி என்பது பாடமாயிற்று. ஐயம் எழுந்தால் கேள்வியாகக் கேட்டு நிறுத்தாமல், கண்டதைக் கண்டபடி சொல்லவும், விடை மனநிறைவு தராவிடில் மீண்டும் சொல்லவும் கற்பித்தனர். முதலில் பல மூத்த விமானிகள் இதனை ஏளனம் செய்தனர். இன்று உலகெங்கும் விமானப் பணியாளர்கள் இப்பயிற்சியைப் பெறுகின்றனர். சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் குரலைக் குருவின் குரலென்று மயங்கி மும்முறை எழுந்தோடியபோது, முதியவரான ஏலி, அழைத்தது நானல்லேன் என்று சொல்லியதோடு, மூன்றாம் முறை அக்குரல் யாருடையதாக இருக்கும் என்று உணர்ந்தும் கொண்டார். கண் மங்கிய அம்முதியவரின் அந்தப் பொறுமையை நாம் போதிய அளவு பாராட்டுவதில்லை.

தெனெரிஃபின் தென்பகுதியில், மேகம் தவழாத சமவெளியில், 1978இல் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. பழைய நிலையமும் இன்றுவரை இயங்குகின்றது. விபத்து நிகழ்ந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2007 மார்ச் 27ஆம் நாள், இறந்தோரின் டச்சு உறவினரும் அமெரிக்க உறவினரும், அன்று மீட்புக்கு ஓடிவந்த தீவின் மக்களும் முதன்முறையாக ஒன்றுகூடி இறைவேண்டல் செய்தனர். லா லகூனாவை அடுத்த மேசா மோட்டா குன்றின்மீது அன்று ஒரு நினைவுச்சின்னம் திறந்துவைக்கப்பட்டது. அது 18 மீட்டர் உயரமுள்ள சுழல் படிக்கட்டு. வளைந்து வளைந்து மேலேறும் அதன் படிகள், எந்தத் தளத்தையும் சென்று சேராமல், வானத்தில் பாதியில் நின்றுவிடுகின்றன.